செண்டுமல்லி பூத்தது, புழு குறையவில்லை: ஏன்?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது. நீலகிரியில் கேத்தி பள்ளத்தாக்கில் ஒன்றரை ஏக்கர். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ஓரத்தில் பீட்ரூட். ஒரு பயிற்சியில் "வரப்பில் பூச்செடி வையுங்கள், நன்மை செய்யும் பூச்சி வரும், மருந்துச் செலவு குறையும்" என்றார்கள். அதைக் கேட்டு வரப்பெல்லாம் செண்டுமல்லி வைத்தார். பூ நன்றாக வந்தது, ஆயுத பூஜைக்கு விற்றுக் காசும் பார்த்தார். கோஸில் புழு மட்டும் அப்படியே இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வழக்கமான புழு மருந்தும் போய்க்கொண்டே இருந்தது. "பூச்செடி சமாச்சாரம் உண்மையா, சும்மா கதையா? கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் மலைப்பூண்டு போடும் மச்சானும் கேட்கச் சொன்னார். தேன்பெட்டி வைத்தால் புழு குறையுமா?"

உண்மைதான் தம்பி. ஆனால் நீங்கள் இலை போட்டது வேறு விருந்தாளிக்கு. வரவேண்டியவருக்கு அந்தச் சோறு வாய்க்கு எட்டாது. எட்டியிருந்தாலும் பத்து நாளுக்கு ஒருமுறை பந்தியிலேயே விஷம் தெளித்திருக்கிறீர்கள். இந்த இரண்டையும் விரித்துச் சொல்கிறேன். நான் கோயம்புத்தூரில் பூச்சியியல் படித்துவிட்டு, முப்பது வருஷமாகக் கோத்தகிரிப் பக்கம் காய்கறி போடுபவன். படித்ததில் பாதியைத் தோட்டம் திருத்திவிட்டது.

பூச்சியை வைத்துப் பூச்சியை அடக்குவது நம் மலைக்குப் புதிதில்லை. 1928-இல் நீலகிரியில் வாட்டில் மரங்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போன்ற ஒரு செதில் பூச்சி பரவியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பூச்சி அது. அதைத் தின்னும் ரொடோலியா என்ற சிவப்புப் பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து இங்கே விட்டார்கள், அது அடக்கிவிட்டது. இந்தியாவில் இத்தகைய வேலைக்கு நல்ல உதாரணம் என்று இன்றும் பாடத்தில் சொல்வது இதைத்தான். ஆனால் அது வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்து விட்ட கதை. நீங்கள் கேட்பது ஏற்கெனவே தோட்டத்தில் இருக்கும் ஆளைப் பட்டினி போடாமல் வைத்துக்கொள்வது. செலவு கம்மி. பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் நுணுக்கம் இதில்தான் அதிகம்.

உங்கள் கோஸில் இருப்பது எந்தப் புழு என்று நீங்கள் எழுதவில்லை. இலையில் ஜன்னல் ஜன்னலாகச் சுரண்டி, ஒரு பக்கத் தோலை மட்டும் விட்டுவைத்து, தொட்டவுடன் துள்ளி நூலில் தொங்கும் சின்னப் பச்சைப் புழு என்றால் அது வைர முதுகு அந்துப்பூச்சியின் புழு. கேத்தியில் கோஸ் போடும் ஒருவர் இப்படிப் புலம்பினால் பத்துக்கு ஒன்பது அதுதான். அதற்கு நம் குளிருக்கு ஏற்ற எதிரி ஒன்று உண்டு. டயடெக்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி. கருப்பாக, ஒல்லியாக, அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பறந்தால் கொசு என்று நினைத்துவிடுவோம். நம்மைக் கொட்டாது. பெண் குளவி புழுவின் உடம்புக்குள் ஒரு முட்டையைச் செருகிவிடும். புழு ஒன்றும் நடக்காததுபோல இலையைத் தின்று வளரும், கூடும் கட்டும். கூட்டுக்குள் இருந்து அந்து வராது, குளவி வரும். இந்தக் குளவிக்கு வெயில் ஆகாது. சமவெளிக் கோஸில் கொடீசியா என்ற வேறொரு சின்னக் குளவி இந்த வேலையைச் செய்கிறது. டயடெக்மாவுக்கு ஊட்டி, கேத்தி, கொடைக்கானல், மன்னவனூர் மாதிரியான இடங்கள்தான் ஒத்துப்போகும். மலைக்காரனுக்கு இயற்கை தந்திருக்கும் சலுகை இது. நாம்தான் அதை வீணாக்குகிறோம்.

இப்போது பசிக்கு வருவோம். குளவியின் குழந்தைப் பருவம் புழுவைத் தின்று வளர்கிறது, வளர்ந்த குளவியோ புழுவைத் தின்பதில்லை. அதற்கு வேண்டியது சர்க்கரை. பூந்தேன் கிடைத்தால் குளவி இரண்டு மூன்று வாரம்கூட வாழும். கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஒரு பெண் குளவி இரண்டே நாள் உயிரோடு இருந்தால் எத்தனை புழுவைத் தேடிப் பிடித்து முட்டை வைக்கும்? அதிலும் பாதி நேரம் சாப்பாடு தேடி அலைவதில் போய்விடும். களை ஒன்று விடாமல் எடுத்து, வரப்பை மொட்டையாகச் செதுக்கி, பத்து மட்டம் (மலைச்சரிவில் வெட்டிய படி நிலம்) முழுக்கப் பூக்காத கோஸை மட்டும் நட்டுவைத்தால் மனிதக் கண்ணுக்கு அது சுத்தமான தோட்டம், குளவிக்குப் பாலைவனம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்காக நாம் 2018-இலிருந்து 2030 வரை காத்திருக்கலாம். இந்தக் குளவியால் செவ்வாய்க்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க முடியாது.

அப்படியானால் செண்டுமல்லி ஏன் உதவவில்லை? அதுவும் பூதானே? குளவியின் வாய் மிகவும் குட்டை. தேன் மேலேயே திறந்து கிடந்தால்தான் நக்கும். நீங்கள் வைத்தது மாலைக்கு ஏற்ற, பந்துபோல் அடுக்கடுக்கான இதழ் உள்ள ரகமாகத்தான் இருக்கும். அதில் தேன் இருக்கிற குழல் ஒவ்வொன்றும் ஆழமானது, நெருக்கியடித்து இருக்கிறது. பட்டாம்பூச்சி நீளமான உறிஞ்சுகுழலை விட்டுக் குடிக்கும், குளவி மேலே நடந்து பார்த்துவிட்டுப் போய்விடும். செண்டுமல்லிக்கு வேறு நல்ல வேலைகள் உண்டு. சமவெளியில் தக்காளிக்கு நடுவே காய்ப்புழுவை இழுக்க வைப்பார்கள், வேரைத் தாக்கும் சில வகை நூற்புழுக்களைக் குறைக்கவும் அது உதவும். நம்மூர் உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழுவை அது ஒன்றும் செய்யாது. அதை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு, ஆனால் அது வேறு கதை. நீங்கள் கேட்ட வேலைக்கு அது தவறான பூ, அவ்வளவுதான்.

பூவை எடை போட எனக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. காலை பத்து மணி வெயிலில் பூவை எடுத்து, ஒரு குச்சி நுனியை வைத்துப் பாருங்கள். இதழை விலக்காமலே குச்சி நுனி தேன் இருக்கும் இடத்தைத் தொடுகிறதா? தொட்டால் அது குளவிக்கும் ஆகும், ஈக்கும் ஆகும். உள்ளே விட்டுத் துழாவ வேண்டியிருந்தால் அது தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும். பெட்டூனியா, சால்வியா, குழல் பூக்கள் எல்லாம் இரண்டாவது கட்சி. கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை, கேரட் இவற்றின் குடைப் பூக்கள் முதல் கட்சி.

இதில் நமக்கு முதல் இடம் கொத்தமல்லிக்குத்தான். விதை மளிகைக் கடையிலேயே கிடைக்கும். பழையதாக இல்லாமல் பார்த்து வாங்கி, இரண்டாக உடைத்துத் தூவினால் போதும். பூத்தால் மட்டம் முழுக்கக் குளவியும் ஈயும் மொய்க்கும். ஆனால் கொத்தமல்லிப் பூவுக்கு முதல் எதிரி நம் வீட்டு அடுப்படிதான். நான் முதல் தடவை போட்டபோது கைநிறைய வந்தது. ரசத்துக்கு என்று அம்மா ஒரு பிடி பறித்தாள், அக்கம்பக்கத்துக்கு இரண்டு பிடி போனது, அப்புறம் சந்தையில் கட்டு விலை ஏறியது, நானே மொத்தத்தையும் பிடுங்கி விற்றுவிட்டேன். ஒரு பூகூடப் பார்க்கவில்லை. அந்த வருஷம் "பூ வைத்தும் புழு குறையவில்லை" என்று நானும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் இப்போது வீட்டுக்கு ஒரு பாத்தி, குளவிக்கு வரப்பு என்று பிரித்தே விதைக்கிறோம். கொத்தமல்லிப் பூ நாலைந்து வாரத்துக்கு மேல் நிற்காது. அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காமல் மூன்று வாரத்துக்கு ஒரு தவணையாக மூன்று தவணை விதையுங்கள். முதல் தவணை, கோஸ் நாற்று நடுவதற்கு ஒரு மாதம் முன்பே மண்ணுக்குள் போக வேண்டும். சமவெளியைவிட இங்கே பூ எடுக்க நாள் கூடும் என்பதை மனதில் வையுங்கள். புழு வந்த பிறகு பூச்செடி விதைப்பது, பந்தி முடிந்த பிறகு உலை வைப்பது மாதிரி.

இரண்டாவது அலிசம். ஊட்டிப் பக்கத்து நர்சரிகளில் மே மாதப் பூக்காட்சியை ஒட்டி நாற்று கிடைக்கும், வெள்ளையாகக் கம்பளம் விரித்ததுபோல் பூக்கும் குட்டைச் செடி. இதன் பெருமை தெரிந்துகொள்ள கலிஃபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். கடல் காற்றில் குளிர்ந்த அந்த ஊரில் லெட்யூஸ் கீரை போடும் இயற்கை விவசாயிகள் வரிசைகளுக்கு நடுவே அலிசம் வைக்கிறார்கள். அவர்கள் குறி குளவி இல்லை, சிர்பிட் ஈ. தேனீ போலக் கோடு போட்டுக்கொண்டு, அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும் ஈயைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். இரண்டே இறக்கை, கொடுக்கு கிடையாது. தாய் ஈக்கு முட்டை முதிர மகரந்தம் வேண்டும், பறக்கத் தேன் வேண்டும். பிள்ளைக்கு, செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி வேண்டும். அசுவினிக் கூட்டத்தின் நடுவிலேயே முட்டை வைக்கும், ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் சில நூறு அசுவினியைத் தின்றுவிடும். முன்பெல்லாம் அங்கே பாத்தி பாத்தியாக அலிசத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். பிறகு அரசு ஆராய்ச்சிக்காரர்கள், பாத்தியாக வைப்பதைவிட லெட்யூஸ் வரிசைக்குள்ளேயே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செருகினால் இடமும் மிச்சம், ஈயும் பயிருக்குள்ளேயே சுற்றும் என்று காட்டினார்கள். நம் சின்ன மட்டங்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

கூடவே ஒரு வேண்டுகோள். அசுவினி அப்பிய கோஸ் இலையைத் திருப்பினால் காலில்லாத, பச்சையோ பழுப்போ நிறமான, அட்டை போன்ற சின்னப் புழு ஒன்று நெளியும். ஆட்கள் அதையும் "புழு" என்று நசுக்குவார்கள். அதுதான் சிர்பிட் ஈயின் பிள்ளை. என் தோட்டத்தில் வேலைக்கு வந்த அக்காமாரிடம் அதைக் காட்டி, "இது நம்ம கட்சி" என்று சொல்லிப் புரியவைக்க ஒரு போகம் ஆனது.

அலிசத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதுவும் கடுகு, கோஸ் குடும்பம்தான். உங்கள் மண்ணில் கோஸ் வேர் கட்டி கட்டியாக வீங்கி, பகலில் செடி வாடும் நோய் எப்போதாவது வந்திருந்தால் அலிசம் வேண்டாம், கடுகும் வேண்டாம். இரண்டும் அந்த நோய்க்கு இடம் கொடுக்கும். அந்தத் தோட்டத்தில் கொத்தமல்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடுகைப் பற்றிச் சொல்லும்போது ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், 25 வரிசை கோஸுக்கு 2 வரிசை கடுகு என்று ஒரு முறையைச் சொன்னது. ஒரு வரிசையைக் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பும், இன்னொன்றை நட்ட 25-ஆம் நாளும் விதைக்க வேண்டும். அது குளவிக்கு விருந்து இல்லை, அந்துக்குப் பொறி. அந்து கோஸை விட்டுக் கடுகில் முட்டை வைக்கும், நாம் கடுகைக் கவனித்து அங்கேயே அடக்க வேண்டும். பயிற்சிகளில் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் "ஊடுபயிர்" என்று சொல்லிவிடுகிறார்கள். பொறிப்பயிர் எதிரியை இழுப்பதற்கு, பூப்பயிர் எதிரியின் எதிரியை வளர்ப்பதற்கு. பொறிப்பயிரை வைத்துவிட்டுக் கவனிக்காமல் விட்டால் புழுவுக்கு நாமே நாற்றங்கால் போட்டதாகிவிடும்.

மற்றவை சுருக்கமாக. தண்டு விட்டு வீணாகப் போன கேரட் இருந்தால் பிடுங்காமல் ஓரத்தில் நாலு செடி பூக்க விடுங்கள், செலவில்லாத குடைப்பூ. காராமணி, அகன்ற அவரை மாதிரிச் செடிகளில் பூ இல்லாத காலத்திலும் காம்புப் பக்கம் தேன் கசியும், அதுவும் குளவிக்கு ஆகும். ஆனால் எறும்பும் வரும், எறும்பு வந்தால் அசுவினியை மாடு மேய்ப்பதுபோல் காவல் காத்துக் குளவியை விரட்டும். பக்வீட் என்ற தானியச் செடி நியூசிலாந்துத் திராட்சைத் தோட்டங்களில் பெயர் பெற்றது, டயடெக்மாவுக்கும் மிகப் பிடிக்கும். விதை கிடைத்தால் போடலாம், ஆனால் உறைபனி பட்டால் ஒரே இரவில் கருகிவிடும். கல் சுவரில் தானாக முளைக்கும் வெள்ளை, இளஞ்சிவப்புச் சிறு டெய்சியைச் செதுக்காதீர்கள். உண்ணிச்செடியும் மஞ்சள் பூ முள் கோர்ஸும் பூக்கின்றனவே என்று கேட்காதீர்கள். அவை ஏற்கெனவே சோலையையும் புல்வெளியையும் தின்று தீர்க்கின்றன, நாம் வேறு நட்டு வளர்க்க வேண்டியதில்லை.

பூ என்றாலே நன்மை என்றும் இல்லை. நாம் வைக்கும் விருந்துக்கு அந்துவும் வரும். ஆஸ்திரேலியாவில் உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியையும் அதன் ஒட்டுண்ணிக் குளவியையும் வைத்துச் சோதித்தபோது, கொத்தமல்லிப் பூ இரண்டு தரப்புக்கும் சேர்த்தே சோறு போட்டது. வேறு சில பூக்கள் குளவிக்கு மட்டும் பயன்பட்டன. ஆகவே கிழங்குக் காட்டில் கொத்தமல்லி வைக்க நான் சொல்லமாட்டேன். கோஸில் சொல்வதற்குக் காரணம், அங்கே அசுவினிக்குச் சிர்பிட் ஈ, புழுவுக்குக் குளவி என்று இரட்டை லாபம் இருக்கிறது. என் மட்டங்களில் நட்டத்தைவிட லாபம் கூடவே தெரிந்தது.

இனி மருந்து. இதைச் சரிசெய்யாமல் மேலே சொன்ன எதைச் செய்தாலும் வீண். நம்மைப் போன்ற மலைக்காரர்களின் கதை ஒன்றைச் சொன்னால் புரியும். ஜாவாவின் மலைகளில், லெம்பாங் என்ற ஊரில், 1950-களின் தொடக்கத்தில் வைர முதுகு அந்து டி.டி.டி. என்ற பூச்சிமருந்துக்குச் சாகாமல் போனது. பயிர்ப் பூச்சி ஒன்று டி.டி.டி.யை வென்றதற்கு முதல் பதிவு அதுதான். அதே காலத்தில்தான் நியூசிலாந்திலிருந்து டயடெக்மாவையும் அந்த மலைகளுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். குளவி பிழைத்தது, ஆனால் வருஷக்கணக்காகப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காரணம் எளிது. அடித்த மருந்துக்குப் புழு சாகவில்லை, குளவி செத்தது. கடும் மருந்தைக் குறைத்து, பி.டி. என்ற பாக்டீரியா மருந்துக்கு மாறிய பிறகுதான் குளவி தலையெடுத்தது. மலேசியாவின் கேமரன் மலையிலும் ஏறத்தாழ இதே கதை. உங்கள் தோட்டம் இப்போது லெம்பாங்கின் பழைய கட்டத்தில் இருக்கிறது.

பைரித்ராய்டு வகை மருந்து எதுவானாலும் குளவியும் சிர்பிட் ஈயும் முதலில் போகும். இமிடாகுளோபிரிட் மாதிரி செடிக்குள் ஊடுருவும் மருந்து பூக்கிற செடியில் பட்டால், அதன் தேனிலேயே மருந்து வந்துவிடும். பூச்செடி வரப்பில் அது பட்டால் விருந்தில் விஷம் என்று நான் சொன்னது உவமை இல்லை, நடப்பு. புழுவுக்கு பி.டி.யை அடியுங்கள். மாலை வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய. பகல் வெளிச்சத்தில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். பி.டி. புழு தின்றால்தான் வேலை செய்யும், குளவிக்கு ஒன்றும் ஆகாது. அதையே வாராவாரம் அடித்துப் பழக்கிவிடவும் கூடாது, பி.டி.யையும் இந்தப் பூச்சி ஜெயித்த ஊர்கள் உண்டு. இடையிடையே 5 சத வேப்பங்கொட்டைச் சாறு. நம் உயரத்தில் வேம்பு கிடையாது, மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய் ஏற்றிப்போகும் வண்டியிலேயே திரும்பும்போது கொட்டை வாங்கிவரச் சொல்லுங்கள்.

தேவைப்பட்டால் மட்டுமே அடியுங்கள். நட்ட புதிதில் வெளி இலையில் ஓட்டை விழுந்தால் மண்டிக்காரர் விலையைக் குறைக்கப் போவதில்லை, அந்த இலையைக் காட்டிலேயே உரித்துப் போட்டுவிடுகிறோம். கவலைப்பட வேண்டியது தலை கட்டத் தொடங்கும்போது. காலிஃபிளவரில் பூ மொட்டு தெரியும்போது. என் அனுபவத்தில் செடிக்கு இரண்டு புழு என்ற அளவைத் தாண்டாதவரை நான் டேங்கைத் தொடுவதில்லை. மழை பலமாக அடித்தால் இந்தப் புழு தானாகவே குறையும், அதனால் ஆடி மாதத்தில் அட்டவணை போட்டு அடிப்பது காசுக்குக் கேடு.

எங்கே, எவ்வளவு? உங்கள் ஒன்றரை ஏக்கரில் ஒரு சென்ட் பயிர் நிலத்தைக்கூடப் பூவுக்கு விட வேண்டாம். மட்டத்துக்கு மட்டம் வரப்பும் கல் கட்டும் இருக்கிறதே, சமவெளிக்காரனுக்கு இல்லாத வசதி அது. டயடெக்மா நாலு நாளில் 80 மீட்டர் வரை போனதாக வெளிநாட்டுச் சோதனை ஒன்றில் கண்டார்கள். நம் மட்டங்கள் அதில் கால்வாசி அகலம்கூட இருக்காது. இரண்டு மட்டத்துக்கு ஒரு வரப்பில் கொத்தமல்லி, கோஸ் வரிசையில் முப்பது நாற்பது அடிக்கு ஓர் அலிசம். போதும்.

மாதம்தான் பெரிய கேள்வி. மழைக்காலப் பயிரான கார்போகத்தில் காற்றும் சாரலும் கொத்தமல்லியைச் சாய்த்துவிடும், தேனையும் கழுவிவிடும். அந்தப் பருவத்தில் தரையோடு படரும் அலிசம்தான் நிற்கும். நல்ல பலன் நீர்போகத்தில், அதாவது வறண்ட மாதங்களில் தண்ணீர் பாய்ச்சிச் செய்யும் பயிரில். மாசியிலிருந்து சித்திரை வரை வறட்சியில்தான் புழு பெருகும், அப்போதுதான் மேட்டிலும் களைப்பூக்கள் காய்ந்து குளவி பட்டினி கிடக்கும். தண்ணீர் பாய்ச்சும்போது வரப்புக்கும் நாலு குடம் காட்டுங்கள். கேத்தியில் மார்கழி, தை உறைபனி பள்ளத்தில்தான் தேங்கும். முதல் தவணை கொத்தமல்லியைக் கீழ் மட்டத்தில் போடாமல், மேலே கல் சுவரை ஒட்டி வெயில் முகத்தில் போடுங்கள். பகல் சூட்டைக் கல் பிடித்து வைத்துக்கொள்ளும். காட்டுமாடு இறங்கினால் வரப்பும் போகும், கோஸும் போகும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? பூவில் பூச்சி மொய்ப்பதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கோஸ் இலையின் அடியில் கூட்டைப் பாருங்கள். வெள்ளை வலைபோல மெலிதாக, உள்ளே இருக்கும் பச்சைக் கூட்டுப்புழு கண்ணுக்குத் தெரிந்தால் அது அந்து. அந்த வலைக்குள்ளேயே இரண்டு முனையும் மழுங்கிய, உள்ளே தெரியாத, கெட்டியான பழுப்பு உருளை இருந்தால் அது டயடெக்மா. வாரத்துக்கு ஒருமுறை இருபது கூடு பறித்து ஒரு பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் எத்தனை அந்து, எத்தனை குளவி என்று எண்ணிவிடலாம். இருபதில் இரண்டு மூன்று குளவியில் ஆரம்பித்து, போகத்துக்குப் போகம் ஏறுகிறதா என்று பாருங்கள். எண்ணிய பிறகு குளவியைத் திறந்துவிட மறக்காதீர்கள். அசுவினிக்குச் சோதனை இன்னும் எளிது. கூட்டத்தில் அசையாமல், உப்பி, சந்தன நிறத்தில் காய்ந்துபோன அசுவினிகள் தெரிந்தால் அவற்றுக்குள் வேறொரு மிகச் சின்னக் குளவி இருக்கிறது. முதுகில் வட்ட ஓட்டை இருந்தால் வெளியே போய்விட்டது.

நம்பிக்கையை அளவோடு வைக்கச் சொல்வேன். தாய்லாந்து, சீனா, வியட்நாம் நெல் வயல்களில் வரப்பில் எள் போன்ற தேன் தரும் செடிகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பூச்சிமருந்து தெளிப்பு 70 சதம் குறைந்தது, விளைச்சல் 5 சதம் கூடியது. அங்கே விவசாயிகள் பூ வைத்ததோடு மருந்தையும் குறைத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. பலனில் பூவால் எத்தனை, மருந்து குறைந்ததால் எத்தனை என்று பிரிப்பது கடினம். பூ வைத்தால் நல்ல பூச்சி கூடும் என்பது ஏறக்குறைய நிச்சயம். அதனால் புழு குறையும் என்பது அவ்வளவு நிச்சயமில்லை. பக்கத்துத் தோட்டத்து மருந்துச் சாரல் காற்றில் வந்தால் அதுவும் போச்சு. முதல் போகத்தில் அரை ஏக்கரில் மட்டும் செய்து பாருங்கள், மீதியை வழக்கம்போல் விடுங்கள். வித்தியாசம் உங்கள் பாட்டிலில் தெரியும்.

பூம்பாறை மச்சானுக்கு: பூண்டுக்கு முக்கியத் தொல்லை இலைப்பேன் என்ற மிகச் சிறு பூச்சி. இலைப்பேனில் பல வகை மகரந்தத்தையே தின்று பெருகும். ஆகவே பூண்டு ஓரத்தில் பூக்காடு வளர்க்க அவசரப்பட வேண்டாம். அவருக்கு அந்தப் பக்கம் கோஸோ பீன்ஸோ இருந்தால் அங்கே ஆரம்பிக்கட்டும்.

தேன்பெட்டி வைத்தால் புழு குறையாது. தேனீ புழுவைத் தொடாது. கோஸ், காலிஃபிளவர், பீட்ரூட் மூன்றையும் பூப்பதற்கு முன்பே அறுத்துவிடுவதால் அந்தப் பயிர்களுக்கு மகரந்தம் சேர்க்கும் வேலையும் இல்லை. தேனுக்காக வைப்பதானால் அடுக்குத் தேனீப் பெட்டியைக் கோஸ் காட்டில் வைக்காமல் வீட்டுப் பக்கம் பேரி, பிளம்ஸ் மரங்களுக்கு அடியில் வையுங்கள். மழையும் காற்றும் நேராக அடிக்காமல், வாசல் கிழக்கு பார்த்து, கால்களை எண்ணெய் கலந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி. இல்லாவிட்டால் எறும்பு குடியேறிவிடும்.